தோலைக் கொடுத்து வாழும் காடு

பழைய தெர்மாஸ் பிளாஸ்க்கின் அடைப்பான் நினைவிருக்கிறதா? ஹோமியோபதி மருந்துக் குப்பியின் குட்டி மூடி? குழந்தைகள் ஆடும் இறகுப் பந்தின் தலை? கிரிக்கெட் பந்தின் நடுவே வைத்துத் தைக்கும் உருண்டை? எல்லாம் தக்கைதான். கார்க் என்று சொன்னால் எல்லோருக்கும் சட்டென்று புரியும். இந்தக் கார்க் எந்த ஊரில் விளைகிறது, காயா, பிசினா, வேரா என்று என்னைப் போலவே நீங்களும் யோசித்திருக்க மாட்டீர்கள். அது ஒரு மரத்தின் தோல்! அந்தத் தோலை உரித்துக் கொடுத்துவிட்டு, மறுபடி வளர்த்துக்கொண்டு, இருநூறு வருஷம் ஜம்மென்று நிற்கிற மரங்களின் காட்டைப் பார்க்கும் பாக்கியம் எனக்கு 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கிடைத்தது.

மகளின் பிரசவத்துக்காக ஸ்பெயின் தேசத்திலுள்ள செவில் நகரத்துக்குப் போயிருந்தேன். குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. செவிலில் ஜூன் மாத வெயிலைப் பற்றிக் கேட்காதீர்கள். நம் வேலூர் வெயிலுக்கு அக்கா! பகலெல்லாம் ஜன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டு, மகளும் நானும் குழந்தையும் இருட்டறையில் கிடப்போம். மகளுக்கு முகமே வாடிப்போயிருந்தது. இன்னும் சில வாரங்களில் விடுப்பு முடிகிறது, குழந்தையை விட்டுவிட்டு ஆபீசுக்குப் போக வேண்டுமே என்ற கவலை வேறு. "இரண்டு நாள் எங்கேயாவது மரம் செடி இருக்கிற இடமாப் போயிட்டு வரலாம்" என்று மாப்பிள்ளைதான் ஏற்பாடு செய்தார். தெற்கே காரில் ஒன்றரை மணி நேரப் பயணம்.

மரமண்டைகளின் தோப்பு

அந்தக் காட்டுக்கு லாஸ் அல்கொர்னொகாலெஸ் என்று பெயர். வாயில் நுழையவில்லையா? நானும் நாலு முறை சொல்லிப் பார்த்துத்தான் பழகினேன். 'அல்கொர்னொக்கே' என்றால் தக்கை ஓக் மரம். அந்த மரங்களின் தோப்புகள் என்பதுதான் பெயரின் அர்த்தம். இன்னொரு வேடிக்கை. ஸ்பானிஷ்காரர்கள் புத்தி மட்டானவனை 'அல்கொர்னொக்கே' என்று திட்டுவார்களாம். நாம் 'மரமண்டை' என்கிறோமே, அதேதான்!

காதிஸ், மாலகா என்ற இரண்டு மாவட்டங்களில் சுமார் 1,70,000 ஹெக்டேர், அதாவது நாலு லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது இந்த வனம். உலகிலேயே மிகப் பெரிய தக்கை ஓக் காடுகளில் இதுவும் ஒன்று. 1989-இல் இதை இயற்கைப் பூங்காவாக அறிவித்தார்கள். பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்கு மரமும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மலை, பள்ளத்தாக்கு, ஓடை, இடையிடையே மாடு மேயும் புல்வெளி, குன்றின் மேல் சுண்ணாம்பு பூசிய வெள்ளை ஊர்கள், இவையெல்லாம் சேர்ந்த பெரிய பிரதேசம். நிலத்தில் பெரும்பகுதி தனியார் சொத்து. சொந்தக்காரர் உண்டு, வேலை செய்பவர் உண்டு. ஆனால் மரத்தை இஷ்டத்துக்கு வெட்ட முடியாது.

இவ்வளவு காடு எப்படித் தப்பியது? மண் மணற்பாறை மண். உழுது பயிர் வைக்க லாயக்கில்லை. அதனால் கோதுமைக்காரர்கள் விட்டுவைத்தார்கள். இன்னொரு பக்கம், ஜிப்ரால்டர் ஜலசந்தியிலிருந்து 'லெவந்தே' என்கிற கீழ்க்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து, மலை உச்சியில் மூடுபனியாக உட்கார்ந்துகொள்கிறது. சுற்றுப்புறமெல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் இந்த மலைகள் பச்சையாக இருப்பது அந்தப் பனியால்தான்.

தாய்த் தோல்

அல்கலா டி லாஸ் கஸூலஸ் என்ற வெள்ளை ஊரில் ஒரு வீட்டில் தங்கினோம். மறுநாள் விடியற்காலையில் வீட்டுக்கார அம்மாள் ஒரு தகவல் சொன்னார். "பக்கத்து மலையில் பட்டை உரிக்கிறார்கள், வெயில் ஏறுவதற்குள் போங்கள்." குழந்தையைத் துணித் தூளியில் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

அடேயப்பா, என்ன காட்சி! மேலே கிளைகள் பழைய பட்டையோடு சாம்பல் நிறத்தில் முரடாக இருக்கின்றன. கீழே அடிமரம் மட்டும் சட்டையைக் கழற்றியது போல வழவழவென்று இருக்கிறது. அன்று உரித்த மரம் மஞ்சளும் ரோஜாவும் கலந்த நிறம். தொட்டால் ஈரமாக, சில்லென்று இருந்தது. சில நாளில் அது செங்கல் நிறமாகி, வருஷம் போகப் போகக் கருக்கும். நிறத்தைப் பார்த்தே எப்போது உரித்தது என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிடுகிறார்கள். அண்டை நாடான போர்ச்சுகலில் அந்தச் சிரமம்கூட இல்லை. உரித்த ஆண்டின் கடைசி எண்ணை வெள்ளைப் பெயிண்டில் மரத்திலேயே எழுதி வைப்பார்களாம்.

இரண்டு இரண்டு பேராக மரத்துக்கு இரண்டு பக்கமும் நின்று கோடாலியால் கொத்துகிறார்கள். கொத்துகிறார்கள் என்றேனே தவிர, அது வெட்டு அல்ல. குறுக்கே ஒரு வளையம், நெடுக்கே ஒரு கீறல். பிறகு கோடாலிக் காம்பின் சீவிய முனையைக் கீறலில் நுழைத்து மெதுவாக நெம்பினால், வாழைப் பட்டை உரிவது போலப் பெரிய பாளமாகக் கழன்று வருகிறது. வண்டிப் பாதை இல்லாத சரிவுகளிலிருந்து அந்தப் பாளங்களைக் கோவேறு கழுதைகள்தான் சுமந்து இறக்குகின்றன. பார்த்துக்கொண்டே இருந்தேன், கண்ணெடுக்கவே மனசு வரவில்லை.

வயதான ஒருவர் நிழலில் உட்கார்ந்து பாளங்களின் ஓரங்களைச் சீவிக்கொண்டிருந்தார். பதின்மூன்று வயதில் தண்ணீர்க் குடம் சுமக்கும் பையனாக இந்த வேலைக்கு வந்தவராம். மகள் மொழிபெயர்க்க, நான் கேள்வியாகக் கேட்டுத் துளைத்துவிட்டேன்.

"இப்படித் தோலை உரித்தால் மரம் சாகாதா?"

அவர் எழுந்து வந்து உரித்த மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். "இது பேர் தாய். இதுதான் மறுபடி பட்டையைப் பெற்றுக் கொடுக்கும். கோடாலி இதில் பட்டால் பட்ட இடத்தில் ஆயுசுக்கும் பட்டை வராது. பட்டையை எடுக்கத் தெரிந்தவன் கெட்டிக்காரன் இல்லை. தாயைத் தொடாமல் எடுக்கத் தெரிந்தவன்தான் கெட்டிக்காரன்."

ஆமாம், அந்த உள்தோலுக்கு ஸ்பானிஷ் மொழியில் 'தாய் அடுக்கு' என்றே பெயர். கைக்குழந்தையோடு நின்ற என் மகள் அதை எனக்குச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

பட்டை தானாகக் கழன்று வர மறுத்தால் பலவந்தம் செய்வதில்லை. மழை பொய்த்த வருஷங்களில் பல மரங்கள் இப்படித் 'தரமாட்டேன்' என்று சொல்லிவிடுமாம். அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்கள். நாங்கள் போன சமயம் அந்தப் பக்கமெல்லாம் கடும் வறட்சி. அப்படி விட்டுப்போன மரங்கள் நிறைய நின்றன.

கணக்கைக் கேளுங்கள். விதை முளைத்து முதல் முறை உரிக்க 25 முதல் 30 வருஷம் ஆகிறது. அந்த முதல் பட்டை கரடுமுரடு. பாட்டில் மூடிக்கு ஆகாது. பிறகு குறைந்தது ஒன்பது வருஷம் காத்திருக்க வேண்டும். இரண்டாவது பட்டையும் சுமார்தான். மூன்றாவது பட்டையில்தான் நல்ல தக்கை. ஆக, நட்டவருக்கு 40 வருஷத்துக்கு மேல் பொறுமை வேண்டும். பெரும்பாலும் நட்டவர் ஒருவர், அனுபவிப்பவர் அவர் பேரப்பிள்ளை. நம் ஊரில் தாத்தா வைத்த பலா, பேரன் தின்கிறான் என்போமே, அந்தக் கதைதான்.

இந்தத் தடித்த தோல் மனிதருக்காக ஏற்பட்டது அல்ல. காட்டுத் தீக்கு எதிராக மரம் போட்டுக்கொண்ட கவசம். கோடைத் தீ வந்து இலையெல்லாம் கருகினாலும், பட்டைக்குள் உயிர் தப்பி மேல் கிளைகளிலேயே திரும்பத் துளிர்த்துவிடும். புதிதாக உரித்த மரத்துக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதற்காகவும்தான் இவ்வளவு எச்சரிக்கை.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு துணுக்கு. 1665-இல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி மைக்ராஸ்கோப்பில் ஒரு மெல்லிய தக்கைச் சீவலைப் பார்த்தார். தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. அவற்றுக்கு 'செல்' என்று பெயர் வைத்தார். உயிரியல் பாடத்தில் வருகிற 'செல்' என்ற சொல் பிறந்தது இந்தத் தக்கையிலிருந்துதான்!

குழாய்ப் பள்ளத்தில் ஒரு பழைய காடு

மறுநாள் புவெர்த்தோ ஒஸ்கூரோ என்ற ஓடைப் பள்ளத்துக்கு நடந்தோம். 'இருண்ட கணவாய்' என்று பொருள். இந்த மலைகளில் ஓடைகள் அறுத்த குறுகலான பள்ளங்களைக் 'கனூத்தோ' என்கிறார்கள். அதற்குக் குழாய் என்று அர்த்தம். மேலே கண் கூசும் வெயில். பத்து நிமிஷம் கீழே இறங்கினால் சூரியனே தெரியவில்லை. பாறையெல்லாம் பாசி, ஆளுயரப் பெரணி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பல வருஷம் குன்னூரில் குடியிருந்தவள் நான். நம் நீலகிரிச் சோலைக் காட்டுக்குள் நுழைந்த மாதிரியே இருந்தது. நீலகிரியில் காட்டுப் பூவரசு என்று சிவப்பாகப் பூக்குமே, ரோடோடென்ட்ரான், அதன் உறவுக்காரச் செடி இங்கே ஊதா கலந்த ரோஜா நிறத்தில் பூக்கிறது. சீசன் ஏப்ரல், மே மாதங்கள்தான். நாங்கள் போனபோது நிழலில் நாலைந்து கொத்துகள் எங்களுக்காகவே மிச்சமிருந்தன.

பனி யுகங்களுக்கு முன்னால், லட்சக்கணக்கான வருஷங்களுக்கு முன்பு, மத்தியதரைக் கடலைச் சுற்றி இப்படிப்பட்ட ஈரக் காடுகள் இருந்தனவாம். பிறகு குளிர் வந்தது, வறட்சி வந்தது; எல்லாம் அழிந்தன. கனேரி, மதைரா போன்ற தீவுகளிலும், இந்த மாதிரி சில பள்ளங்களிலும்தான் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேரும் கிடையாது, நிஜமான இலையும் கிடையாது என்கிற சைலோட்டம் என்ற ஆதிகாலச் செடி ஒன்று, ஐரோப்பாக் கண்டத்தின் பெருநிலத்தில் இந்தத் தென்கோடியில் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதே செடி இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை!

சமையலறைக்காரிகளுக்கு ஒரு விஷயம். இந்தப் பள்ளங்களில் லாரல் மரங்கள் வளர்கின்றன. மேல்நாட்டுச் சமையலில் போடுகிற 'பே' இலை இதுதான். நாம் பிரிஞ்சிக்குப் போடும் இலையும் இதுவும் ஒன்று என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரே குடும்பம்தான், ஆனால் வேறு வேறு மரம். நம்முடையது இலவங்கப்பட்டை இனம். இலையைத் திருப்பிப் பாருங்கள்: நம் பிரிஞ்சி இலையில் காம்பிலிருந்து நுனி வரை மூன்று நரம்புகள் ஓடும், லாரல் இலையில் நடுவே ஒரே நரம்பு. வாசனையும் வேறுதான்.

அம்மா மான், அம்மா கீரி

காட்டு மிருகம் என்று பெரிதாக ஒன்றும் பாய்ந்து வரவில்லை. சிங்கம் புலி இல்லாத காடு இது. ஆனால் மாலையில் புதரோரம் ஒரு ரோ மான் நின்றது. வெள்ளாடு உயரம்தான் இருக்கும். எங்களைப் பார்த்தது, நாயைப் போல ஒரு குரைப்பு, அவ்வளவுதான், மாயமாகிவிட்டது.

இந்த மானின் கர்ப்ப விஷயம் விசித்திரமானது. கோடையில் கருத்தரிக்கும். ஆனால் கரு உடனே வளராது. நாலைந்து மாதம் அப்படியே காத்திருந்து, குளிர் காலத்தில்தான் வளரத் தொடங்கும். அப்போதுதான் குட்டி பிறக்கிற சமயம் இளம்புல் முளைத்திருக்கும். குட்டியைப் புதரில் படுக்க வைத்துவிட்டுத் தாய் மேயப் போய்விடும். அவ்வப்போது வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி போய்விடும். தான் பக்கத்திலேயே நின்றால் நரி மோப்பம் பிடித்துவிடும் அல்லவா? இது தெரியாத மனிதர்கள், 'ஐயோ, தாயில்லாக் குட்டி' என்று தூக்கிப்போய் நிஜமாகவே அநாதையாக்கிவிடுகிறார்கள். காட்டில் மான் குட்டி தனியாகக் கிடந்தால் தொடாமல் வந்துவிட வேண்டும்.

மாப்பிள்ளை இதைச் சொல்லி முடித்ததும் மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுவும் விட்டுட்டுத்தாம்மா வேலைக்குப் போகுது" என்றாள். "போனாலும் நேரத்துக்கு வந்துடுது பாரு" என்றேன். அப்போது அந்த நாட்டில் தாய்க்கு 16 வாரம் விடுப்பு, தகப்பனுக்கும் அதே 16 வாரம். மாப்பிள்ளை தன் பங்கில் பாதிக்கு மேல் மிச்சம் வைத்திருந்தார். "நீ போ, நான் பார்த்துக்கறேன்" என்று அவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

கீரியும் உண்டு. எகிப்தியக் கீரி என்று பெயர். நம் ஊர்க் கீரியைவிடப் பெரிது. தாய் முன்னே போக, குட்டிகள் ஒன்றன் வாலடியில் ஒன்று மூக்கை வைத்து வரிசையாகப் போகுமாம். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு நீளப் பாம்பு ஊர்வது போல இருக்கும் என்றார் வீட்டுக்கார அம்மாள்.

வானத்தில் எந்நேரமும் பாறுக் கழுகுகள் வட்டமிடுகின்றன. இறக்கையை விரித்தால் இரண்டரை மீட்டர். வருஷத்துக்கு ஒரே முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். திருக்கழுக்குன்றத்தில் உச்சி வேளையில் பிரசாதம் உண்ண வந்ததே, இப்போது வருவதில்லையே, அந்த மஞ்சள் முகக் கழுகின் இனமும் இங்கே கூடு கட்டுகிறது. மாட்டுக்கு வலி தீரப் போடும் டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடுகிறது என்று கண்டு, இந்தியாவில் 2006-இல் கால்நடைக்குத் தடை செய்தார்கள். அதே மருந்துக்கு ஸ்பெயின் 2013-இல் அனுமதி கொடுத்தது. நாம் பட்ட அனுபவத்தை அவர்கள் கேட்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

செங்கால் நாரைகள் கோபுரத்திலும் மின்கம்பத்திலும் கூடு கட்டியிருந்தன. குஞ்சுகள் பெரிதாகி இறக்கையை அடித்துப் பழகிக்கொண்டிருந்தன. ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் அவை கூட்டமாக ஆப்பிரிக்காவுக்குப் புறப்படும். ஜலசந்தியின் மிகக் குறுகிய இடம் 14 கிலோமீட்டர்தான். கடல் மேல் வெப்பக் காற்று எழும்பாது. ஆகையால் நிலத்தின் மேலேயே உயரம் ஏறி, மிகக் குறுகலான இடமாகப் பார்த்துக் கடக்கின்றன.

இந்தக் காட்டுக்கு என்ன ஆபத்து?

இவ்வளவு பொறுமையாக வளர்ந்த காட்டுக்கும் இப்போது கஷ்ட காலம். வேரை அழுக வைக்கும் ஒரு நுண்கிருமியும் வறட்சியும் சேர்ந்து மரங்களைக் காய வைக்கின்றன. 'லா செக்கா', அதாவது 'காய்ச்சல்' அல்ல, 'காய்தல்' என்று அதற்குப் பெயர். கிழ மரங்கள் பட்டுப்போகின்றன. கீழே முளைக்கும் கன்றுகளை மானும் மாடும் மேய்ந்துவிடுகின்றன. கிழவர்கள் மட்டும் இருக்கும் வீடு மாதிரி ஆகிவிடுமோ என்பதுதான் கவலை.

இன்னொன்று வியாபாரம். தக்கையின் பெரிய வாடிக்கை ஒயின் பாட்டில். நமக்கும் ஒயினுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கேளுங்கள். பிளாஸ்டிக் அடைப்பானும் திருகு மூடியும் பரவியதும் தக்கைக்குப் போட்டி வந்தது. மூடிதானே, எதுவாக இருந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் பட்டைக்கு விலை இருக்கும் வரைதான் சொந்தக்காரர் புதரைச் சீராக்குவார், தீத்தடுப்புக் கோடு போடுவார், கன்றுக்கு வேலி கட்டுவார். விலை போனால் காடு அநாதை. மரத்தை வெட்டாமல் காப்பாற்றுவது அதைத் தொடாமல் விடுவதால் மட்டும் அல்ல, அளவறிந்து உபயோகிப்பதாலும்தான் என்பதை அங்கேதான் நான் கண்ணால் கண்டேன். பட்டை சீவிய பெரியவரிடம், "உங்கள் பிள்ளைகள் இந்த வேலைக்கு வருகிறார்களா?" என்று கேட்டேன். "ஒரு பேரன் மட்டும் வருகிறான். கை நிதானமாக இருக்கிறது" என்றார். வேறெதற்கும் சிரிக்காதவர் அதற்குச் சிரித்தார்.

போக நினைப்பவர்களுக்கு

பிள்ளைகள் ஸ்பெயினில் இருக்கிறார்கள், போகப் போகிறோம் என்பவர்களுக்குச் சில குறிப்புகள். பூப்பார்க்க ஏப்ரல், மே. பறவைகள் வலசை போவதைப் பார்க்க ஆகஸ்ட், செப்டம்பர். பட்டை உரிப்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, காலை வேளையில். சில பாதைகளுக்கு முன்னனுமதி வேண்டும்; கோடையில் தீ பயத்தால் சில இடங்களை மூடிவிடுவார்கள். ஊரிலுள்ள பார்வையாளர் நிலையத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கைக்குழந்தைக்குத் தள்ளுவண்டி உதவாது, தூளிதான் சரி. புல்லில் உண்ணி உண்டு; நீளக் கை, நீளக் கால் உடுப்புப் போட்டு, திரும்பி வந்ததும் குழந்தைகளின் காது மடல், கழுத்து, முழங்கால் மடிப்பைப் பாருங்கள்.

சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். கஸ்பாச்சோ என்று தக்காளியில் ஒரு குளிர்ந்த ரசம் கிடைக்கும். வீட்டுக்கார அம்மாள் சொன்ன பக்குவம்: பழுத்த தக்காளி ஆறு, சின்ன வெள்ளரிக்காய் ஒன்று, குடமிளகாய் பாதி, பூண்டு ஒரு பல், தண்ணீரில் நனைத்த பழைய ரொட்டித் துண்டு ஒன்று. இவற்றை அரைத்து வடிகட்டி, ஆலிவ் எண்ணெய் நாலு ஸ்பூன், வினிகர் ஒரு ஸ்பூன், உப்பு சேர்த்துக் குளிர வைக்க வேண்டியது. அடுப்பே வேண்டாம். பச்சை உடம்புக்காரி இப்படி ஜில்லென்று குடிக்கலாமா என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. மகள் இரண்டு தம்ளர் குடித்துவிட்டு மூன்றாவதுக்கு நீட்டினாள்.

கடைசியாக, வீட்டில் பழைய தக்கை மூடி இருந்தால் எறியாதீர்கள். ஊசியும் குண்டூசியும் குத்தி வைக்கலாம். டிராயரில் போடும் கூர்க்கத்தியின் நுனியில் செருகினால் பிள்ளைகள் கையைக் கிழித்துக்கொள்ள மாட்டார்கள். வட்டமாகச் சீவி நாற்காலிக் காலின் அடியில் ஒட்டினால் தரை கீறாது, இரவில் இழுத்தாலும் தூங்கும் குழந்தை விழிக்காது.